பூட்டியின் பெயர் சாரா அல்ல: வியன்னாவில் தொலைந்த குடும்பத்தைத் தேடும் வாசகிக்கு

லண்டனிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வயது 36. கணவர் இங்கிலாந்தில் பிறந்த, தாய்வழி யூதர். கணவரின் அம்மம்மா 1939-இல், 11 வயதில், வியன்னாவிலிருந்து தனியாக ரயிலேறி வந்தவர். நாஜிகளின் பிடியிலிருந்து, பெரும்பாலும் யூதர்களான குழந்தைகளை, பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு அழைத்துவந்த ‘கிண்டர்ட்ரான்ஸ்போர்ட்’ ஏற்பாட்டில் வந்த சுமார் 10,000 பேரில் அவரும் ஒருவர். பெற்றோரும் 4 வயதுத் தம்பியும் வியன்னாவிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களை அம்மம்மா மறுபடி பார்க்கவே இல்லை, அவர்களைப் பற்றி வாய் திறந்ததும் இல்லை. அவர் காலமான பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவில் சில தாள்கள் கிடைத்தன: வியன்னாவிலிருந்து செய்தி வந்த செஞ்சிலுவைச் சங்கப் படிவங்கள் இரண்டு, ஒரு ஜெர்மன் பாஸ்போர்ட், தாயார் எழுதிய ஒரு கடிதம், தம்பியின் படம்.

வாசகியின் மாமிக்கு இப்போது 72 வயது. “என் அம்மாவைப் பெற்றவள் என்றைக்குச் செத்தாள் என்று தெரிந்தால் அன்றைக்கு ஒரு விளக்காவது ஏற்றுவேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதற்காக மகனும் மருமகளும் தேடத் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் படித்து, இன்னும் குழம்பிப்போயிருக்கிறார்கள். ஆஷ்விட்ஸ் முகாம் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டால் அப்படி ஒரு பெயர் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. இணையத்தில் யாரோ போட்டிருந்த குடும்ப மரத்தில் பூட்டி, அதாவது அம்மம்மாவின் தாய், இறந்த நாள் 8 மே 1945 என்று இருக்கிறது. போர் முடிந்த அதே நாளிலா என்று மாமிக்குத் தூக்கம் போய்விட்டது. இன்றைய போலந்து-உக்ரைன் பகுதியான கலீசியாவில் கிடைத்த பிறப்புப் பதிவில் பூட்டி ‘முறையற்ற பிறப்பு’ என்றும், வேறு குடும்பப் பெயரோடும் இருக்கிறார். இரண்டாவது செஞ்சிலுவைப் படிவத்தில் பூட்டனின் பெயரே இல்லை, குடும்பத்தை விட்டுப் போய்விட்டாரோ என்று சந்தேகம். பூட்டிக்கும் அம்மம்மாவுக்கும் நடுப்பெயர் சாரா என்று இருப்பதால், பிறக்கப்போகும் மகளுக்கு அந்தப் பெயரையே வைக்க நினைக்கிறார்கள். இதற்கிடையில், வியன்னா வீட்டை மீட்டுத் தருகிறோம், 30 சதவீதம் கொடுங்கள் என்று ஒரு முகவரிடமிருந்து கடிதம். கடைசியாக, ஆஸ்திரியக் குடியுரிமை கேட்கலாமா என்ற கேள்வி.

அன்புள்ள சகோதரி,

நான் குடியுரிமையும் வாரிசுரிமையும் பார்க்கும் வழக்கறிஞர். இப்படிப்பட்ட குடும்பத் தாள்களை வைத்துத்தான் என் பிழைப்பு. உங்கள் கையில் இருப்பவை நல்ல தாள்கள். ஆனால் ஒவ்வொன்றையும் யாரோ ஒரு அதிகாரி, தன் தேவைக்காக, தன் சட்டப்படி எழுதியிருக்கிறார். அதில் உங்கள் பூட்டியின் வாழ்க்கை அப்படியே பதிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டதுதான் உங்கள் குழப்பம் அத்தனைக்கும் காரணம். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று ஒவ்வொரு தாளிடமும் கேட்டுவிட்டு, அப்புறம் அதில் உள்ளதை நம்புங்கள்.

மே 8 என்ற தேதி

முதலில் மாமியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். 8 மே 1945 பூட்டி இறந்த நாள் அல்ல. போருக்குப் பிறகு, உடலும் இல்லை, இறப்புச் சான்றிதழும் இல்லை என்ற நிலையில், உறவினர்கள் நீதிமன்றத்துக்குப் போய் ‘இறந்ததாக அறிவிக்கும்’ உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் வாரிசுரிமையோ, மறுமணமோ, ஓய்வூதியமோ எதுவும் நடக்காது. நீதிமன்றத்துக்கும் ஒரு தேதி வேண்டும். ‘இவர் 8 மே 1945-ஐத் தாண்டி உயிரோடிருக்கவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். வியன்னா யூதர்களில் எத்தனையோ பேருக்கு அதே தேதிதான். குடும்ப மரம் போட்டவர் அதை இறந்த நாள் என்று நினைத்து ஏற்றியிருக்கிறார். போர் ஒரு நாள் முந்தி முடிந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மாமி நினைத்து வேகவே வேண்டாம்.

அந்தத் தேதி உங்களுக்கு வேறொரு வகையில் பயன்படும். இறந்ததாக அறிவிக்கச் சொல்லி யாராவது விண்ணப்பித்திருக்க வேண்டும். அம்மம்மாவே வயது வந்த பிறகு ஒரு வழக்கறிஞர் மூலம் செய்திருக்கலாம், வீட்டில் யாருக்கும் சொல்லாமல். அல்லது பூட்டிக்கு ஒரு அக்காவோ அண்ணனோ பிழைத்திருந்து செய்திருக்கலாம். வியன்னா நகர ஆவணக் காப்பகத்துக்கு எழுதி அந்தக் கோப்பைக் கேளுங்கள். விண்ணப்பித்தவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும்.

ஆஷ்விட்ஸில் பெயர் இல்லை என்றால்

யூதர்கள் எல்லோரும் ஆஷ்விட்ஸில்தான் கொல்லப்பட்டார்கள் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. வியன்னாவைப் பொறுத்தவரை அது சரியல்ல. ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 66,000 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோரை வியன்னாவின் ஆஸ்பாங் ரயில் நிலையத்தில் ஏற்றி, போலந்தின் லூப்ளின் பகுதிக்கும், லோட்ஜ், ரீகா, கௌனாஸ், மின்ஸ்க் ஆகிய கிழக்கு ஐரோப்பிய நகரங்களுக்கும், செக் நாட்டில் இருந்த தெரசியன்ஷ்டாட் முகாமுக்கும் அனுப்பினார்கள். அதோடு, ஆஷ்விட்ஸுக்கே போயிருந்தாலும், இறங்கியவுடன் விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களை முகாமில் பதிவு செய்யவே இல்லை. தாயோடு வந்த சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நிறுத்தப்பட்டார்கள். ஆகவே அங்கிருந்து வந்த பதில் எதையும் நிரூபிக்காது.

நீங்கள் பார்க்க வேண்டியது ரயிலில் ஏற்றியவர்களின் பட்டியல். வியன்னாவில் பெயர், பிறந்த தேதி, கடைசி முகவரி எல்லாம் தட்டச்சு செய்துதான் ஏற்றினார்கள், அந்தப் பட்டியல்கள் பெருமளவு பிழைத்திருக்கின்றன. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய எதிர்ப்பியக்க ஆவண மையம் அவற்றைக்கொண்டு 60,000-க்கும் மேற்பட்ட பெயர்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரை மட்டும் போட்டுத் தேடாமல், பிறந்த தேதியைப் பொருத்திப் பாருங்கள். பெயரின் எழுத்து மாறும், தேதி பெரும்பாலும் மாறாது. தம்பியின் பெயரையும் தனியாகத் தேடுங்கள்.

உங்கள் கடைசிப் படிவத்தில் 1942 வசந்தகாலத்து முத்திரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டு மே முதல் அக்டோபர் வரை வியன்னாவிலிருந்து மின்ஸ்க் அருகே உள்ள மாலி த்ரோஸ்டினெட்ஸ் என்ற இடத்துக்கு ரயில்கள் போயின. ஆஸ்திரியாவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட பத்தாயிரம் பேர் அளவில் பிழைத்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. ரயிலிலிருந்து இறக்கிய உடனேயே பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள், அல்லது விஷவாயு செலுத்திக் கொல்லும் வண்டியில் ஏற்றினார்கள். பூட்டியின் பெயர் அந்த ரயில்களில் ஒன்றில் இருந்தால், ரயில் போய்ச் சேர்ந்த நாள்தான் ஏறக்குறைய அவர் இறந்த நாள். மாமி கேட்ட தேதிக்கு அதைவிட நெருக்கமாகப் போக முடியாது. தெரசியன்ஷ்டாட் என்று வந்தால் தேடல் அங்கே நிற்காது. அங்கிருந்து மறுபடி எந்த ரயிலில் ஏற்றினார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒருவேளை எந்தத் தேதியும் கிடைக்காமல் போனால்? நாம் திதி தெரியாமல் போனவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடுவதுபோல, யூதர்களுக்கும் ஒரு பொதுநாள் இருக்கிறது. நாஜிகளின் யூதப் படுகொலையான ஹோலோகாஸ்டில் பலியாகி, இறந்த நாள் தெரியாதவர்களுக்காக, யூத நாட்காட்டியின் தேவேத் மாதம் 10-ஆம் நாளை இஸ்ரேலின் தலைமை ரப்பிகள் (யூத மதகுருக்கள்) குறித்துவைத்திருக்கிறார்கள். மாமிக்கு இது தெரியாமல் இருக்கலாம். சொல்லுங்கள். தேடி முடிக்கும்வரை அவர் விளக்கேற்றக் காத்திருக்கத் தேவையில்லை.

பூட்டன் எங்கே போனார்

இந்த ஒரு இடத்தில் உங்கள் வீட்டார் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பூட்டன் கலீசியாவில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1918-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தபோது கலீசியா போலந்தோடு போனது. வியன்னாவில் வருடக்கணக்காக இருந்தும் ஆஸ்திரியக் குடியுரிமை கிடைக்காமல் போலந்துக்காரராகவோ, நாடற்றவராகவோ நின்றுபோன யூதர்கள் ஏராளம். 1939 செப்டம்பரில் போலந்து மீது போர் தொடங்கியதும், வியன்னாவில் இருந்த அப்படிப்பட்ட ஆண்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, கால்பந்து மைதானத்தில் அடைத்து, மாதக் கடைசியில் பூஹன்வால்ட் முகாமுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதமே சுமார் 1,600 ஆண்களை இரண்டு ரயில்களில் போலந்தின் நிஸ்கோவுக்குக் கொண்டுபோய், அவர்களில் பெரும்பாலோரைச் சோவியத் எல்லைப் பக்கம் துரத்திவிட்டார்கள். துரத்தப்பட்டவர்களில் சிலர் சோவியத் நாட்டுக்குள் பிழைத்துக் கிடந்ததும் உண்டு.

1940-இல் வந்த முதல் படிவத்திலேயே பூட்டன் கையெழுத்திட்டிருந்தால் இந்த இரண்டும் அவ்வளவாகப் பொருந்தாது. 1941-இல் போன ரயில்களைப் பாருங்கள். முதல் படிவத்திலும் அவர் பெயர் இல்லையென்றால் பூஹன்வால்டிலிருந்து தொடங்குங்கள். ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தில் அந்த முகாமின் கைதி அட்டைகள் நன்றாகவே பிழைத்திருக்கின்றன. அங்கே சுமார் 3 கோடி ஆவணங்கள், 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றியவை இருக்கின்றன. நிறைய இணையத்திலேயே படமாகப் பார்க்கலாம், குடும்பத்தார் கேட்டால் கட்டணமின்றித் தேடித் தருகிறார்கள். பூட்டன் அங்கே இறந்திருந்தால் நாளும்கூடக் கிடைக்கலாம்.

செஞ்சிலுவைப் படிவத்தில் எழுத அனுமதித்தது 25 சொற்கள்தான், அதையும் தணிக்கை அதிகாரி படிப்பார். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எந்தத் தாய் அதில் தன் குழந்தைக்கு எழுதுவாள்? அவர் பெயர் இல்லாததை வைத்து அவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள்.

‘முறையற்ற பிறப்பு’

இதைப் படித்து மாமி கூசிப்போனார் என்று எழுதியிருந்தீர்கள். கூச ஒன்றுமே இல்லை. ஆஸ்திரியப் பேரரசை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு யூதர் திருமணங்களுக்கு அனுமதி, கட்டணம் என்று தலைமுறை தலைமுறையாகக் கெடுபிடி வைத்திருந்தது. ஆகவே கலீசியாவின் சாதாரணக் குடும்பங்கள் பந்தலின்கீழ் ரப்பி முன்னிலையில் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டு, அரசுப் பதிவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். ஊருக்கும் கடவுளுக்கும் அவர்கள் கணவன் மனைவி. பதிவாளருக்கு மட்டும் இல்லை. பிறந்த குழந்தையை அவர் ‘முறையற்றது’ என்று எழுதி, தாயின் குடும்பப் பெயரைக் கொடுத்துவிடுவார். பத்து இருபது வருடம் கழித்து, பேரன் பேத்தி எடுத்த பிறகுகூட, ஒரு சொத்துக்காகவோ பயணத்துக்காகவோ போய்த் திருமணத்தைப் பதிவு செய்தவர்கள் உண்டு.

ஆகவே குடும்பப் பெயர் வேறாக இருப்பதாலேயே அது உங்கள் பூட்டி இல்லை என்று ஒதுக்காதீர்கள். அது அவர் தாயின் பிறந்தவீட்டுப் பெயராக இருக்கும். அப்படியானால் உங்களுக்கு இன்னொரு கிளையே கிடைத்திருக்கிறது. இனிமேல் எங்கே தேடினாலும் இரண்டு பெயரிலும் தேடுங்கள். வியன்னாத் தாள்களில் இரண்டு குடும்பப் பெயருக்கு நடுவே ‘ரெக்டே’ என்று ஒரு லத்தீன் சொல் வந்தால் பயப்பட வேண்டாம். அழைக்கிற பெயர் ஒன்று, பதிவில் உள்ள பெயர் இன்னொன்று என்பதைக் காட்ட எழுத்தர்கள் அப்படி எழுதுவார்கள்.

சாரா

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். 1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஒரு ஆணை போட்டது. பார்த்ததும் யூதர் என்று தெரியாத பெயர் வைத்திருக்கும் யூதப் பெண்கள் எல்லோரும் பெயரோடு ‘சாரா’ என்றும், ஆண்கள் ‘இஸ்ரயேல்’ என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939-இன் தொடக்கத்திலிருந்து பாஸ்போர்ட், கையெழுத்து, அரசு அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருந்தாக வேண்டும். பாஸ்போர்ட்டில் யூதர் என்பதைக் காட்டும் சிவப்பு ‘ஜே’ எழுத்து குத்தியதும் அதே காலத்தில்தான். பூட்டிக்கும் அம்மம்மாவுக்கும் ஒரே நடுப்பெயர் இருப்பதற்குக் காரணம் அதுதான், குடும்ப வழக்கம் அல்ல. பழைய பிறப்புப் பதிவேடுகளில் ஓரத்தில் ‘சாரா’ என்று பின்னால் எழுதிச் சேர்த்ததையும், போருக்குப் பிறகு அதை ரத்து செய்த குறிப்பையும் பலமுறை பார்க்கலாம். 1938-க்கு முந்தைய தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள், அந்தப் பெயர் இருக்காது.

சாரா என்பது யூதர்களின் ஆதித்தாயின் பெயர், நல்ல பெயர்தான். அதற்காகவே வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பூட்டியின் நினைவாக வைப்பதென்றால், அவர் பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் தாள்களிலேயே ‘சாரா’வுக்கு முன்னால் இருக்கிறதே, அதை வையுங்கள். குழந்தை பிறப்பதற்கு முன் மாமியிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரோ ஒருவர் சொல்லித் தெரிந்தால் இன்னும் வலிக்கும்.

வீடும் குடியுரிமையும்

முகவரின் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் காட்டும் முகவரி செஞ்சிலுவைப் படிவத்தில் உள்ள, வியன்னாவின் லியோபோல்ட்ஷ்டாட் பகுதி முகவரி. 1939 முதல் யூதர்களை அவரவர் வீட்டிலிருந்து கிளப்பி, அந்தப் பகுதியில் ஒரு வீட்டுக்குள் பல குடும்பங்களாக அடைத்தார்கள். சமையலறையில் ஒரு குடும்பம், நடையில் ஒரு குடும்பம் என்று. அங்கிருந்துதான் ரயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஆகவே அது பூட்டியின் சொந்த வீடாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அம்மம்மா 1939-இல் விட்டுவந்த முகவரியை அவரது கிண்டர்ட்ரான்ஸ்போர்ட் கோப்பில் பாருங்கள் (அதை எங்கே கேட்பது என்று கடைசியில் சொல்கிறேன்). 5,000 மார்க்குக்கு மேல் சொத்து உள்ள யூதர் ஒவ்வொருவரும் 1938-இல் சொத்து விவரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொள்ளையடிக்கத்தான் கேட்டார்கள், ஆனால் அந்தப் படிவங்கள் இன்று வியன்னாவில் ஆஸ்திரிய அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பூட்டன் பெயரில் ஒன்று இருந்தால், தையல் இயந்திரம் வரை எழுதியிருக்கக்கூடும். சொத்து கிடைக்கும் என்பதற்காக அல்ல, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை தெரியும் என்பதற்காக அதைக் கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டுக்கென்று ஆஸ்திரியா அமைத்த பொது நிதியத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் 2003-லேயே முடிந்துவிட்டது. அதை மறைத்துத்தான் சிலர் சதவீதம் பேசுகிறார்கள்.

குடியுரிமை அப்படியல்ல, அந்த உரிமையை இன்றும் கோரலாம். 2020 செப்டம்பர் முதல், நாஜி அடக்குமுறையால் ஆஸ்திரியாவை விட்டுப் போனவர்களின் நேரடி வாரிசுகள் எத்தனையாவது தலைமுறையானாலும் ஆஸ்திரியக் குடியுரிமை கோரலாம். பிரிட்டிஷ் குடியுரிமையை விட வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. அம்மம்மா குடும்பம் அன்றைக்கு ஆஸ்திரியக் குடிமக்களாக இல்லாமல், நாடற்றவர்களாகவோ, பழைய பேரரசின் வாரிசு நாடுகளில் ஒன்றின் குடிமக்களாகவோ ஆஸ்திரியாவில் வசித்திருந்தாலும் சட்டம் இடம் தருகிறது. மாமி, உங்கள் கணவர், குழந்தைகள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, லண்டனில் உள்ள ஆஸ்திரியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் மருமகளுக்கு உரிமை இல்லை, அதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். மாமி தனக்கு வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அந்த நாட்டுக் குடியுரிமையை வாங்க மனம் ஒப்பாதவர்கள் நிறைய.

பிழைத்தவர்களைத் தேடுங்கள்

உங்கள் கடிதம் முழுக்க இறந்தவர்களைப் பற்றியே இருக்கிறது. பிழைத்தவர்களும் இருக்கலாம். ஜெருசலேமில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு நிறுவனமான யாத் வஷேமின் பட்டியலில் பூட்டியின் பெயரைக் கையெழுத்துப் படிவத்தில் பார்த்ததாகச் சொல்லியிருந்தீர்கள். அதன் அடிப்பக்கத்தைப் படித்தீர்களா? அது ‘சாட்சியப் பக்கம்’. இறந்தவரைத் தெரிந்த ஒருவர் 1950-களிலிருந்து எப்போது வேண்டுமானாலும் நிரப்பிக் கொடுத்திருப்பார். நிரப்பியவரின் பெயர், முகவரி, என்ன உறவு, எந்தத் தேதி எல்லாம் கீழே இருக்கும். மருமகன் என்றோ ஒன்றுவிட்ட தங்கை என்றோ அங்கே எழுதியிருந்தால், அவர் இல்லாவிட்டாலும் அவர் பிள்ளைகள் எங்கேயோ இருக்கிறார்கள். அதே ஆள் வேறு யாருக்கெல்லாம் பக்கம் நிரப்பியிருக்கிறார் என்றும் தேடலாம். அதில் உள்ள தேதிகள் ஞாபகத்திலிருந்து எழுதியவை, ரயில் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

டிஎன்ஏ சோதனை செய்து ‘இரண்டாம் ஒன்றுவிட்ட சகோதரர்’ என்று யாராவது வந்தாலும், அதை மட்டும் நம்பி ஓட வேண்டாம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பல நூற்றாண்டு தங்களுக்குள்ளேயே மணந்தவர்கள். தூரத்து உறவும் சோதனையில் நெருங்கிய உறவாகக் காட்டும். குடும்பப் பெயரோ ஊரோ ஒத்துவந்தால் மட்டும் எழுதுங்கள்.

தம்பியைப் பற்றி நேராகவே சொல்கிறேன். 1942-இல் அவனுக்கு 7 வயது. தாயோடு ரயிலேறியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. தாயின் பெயர் உள்ள பட்டியலில் அவன் பெயர் இல்லாமலிருந்தால் மட்டும், எங்கேயாவது ஒப்படைத்திருப்பார்களா என்று மேலே தேடலாம். அதைப் பார்க்குமுன் மாமிக்கு நம்பிக்கை எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கிடைக்கும் ஒவ்வொரு தாளையும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் திறந்து காட்ட வேண்டும், இது அவருடைய தாயின் வீட்டுக் கதை.

லண்டனில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி. ரஸ்ஸல் சதுக்கத்தில் உள்ள வீனர் ஹோலோகாஸ்ட் நூலகத்தில் ஆரோல்சன் ஆவணங்களின் முழு டிஜிட்டல் பிரதி இருக்கிறது. பிரிட்டனில் இருக்கும் குடும்பங்களுக்கு அங்குள்ளவர்களே இலவசமாகத் தேடித் தருகிறார்கள். முதலில் அங்கே எழுதுங்கள். கூடவே, அம்மம்மாவின் கிண்டர்ட்ரான்ஸ்போர்ட் கோப்பைக் கேட்டு வேர்ல்ட் ஜூயிஷ் ரிலீஃப் என்ற பிரிட்டிஷ் யூத நிவாரண அமைப்புக்கு மாமி பெயரிலேயே விண்ணப்பியுங்கள். அம்மம்மாவின் இறப்புச் சான்றிதழும் மாமியின் பிறப்புச் சான்றிதழும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குடியுரிமை விண்ணப்பத்துக்கும் அவை வேண்டியிருக்கும். தம்பிக்கு யாத் வஷேமில் இதுவரை யாரும் சாட்சியப் பக்கம் நிரப்பவில்லை என்றால், மாமியே நிரப்பலாம். படத்தையும் இணைத்து அனுப்ப இடம் உண்டு. ‘இஸ்ரயேல்’ என்று தாளில் வந்திருந்தாலும் அதைச் சேர்க்காமல், வீட்டில் வைத்த பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.